மருந்தடிக்கிறவர் வர முதல்

(கூசேன்வில்லில் நடந்த குடியிருப்பாளர் கூட்டத்தில் பேசியது. பேச்சு வழக்கைப் பெரிதாகத் திருத்தவில்லை.)



இண்டைக்கு நான் கதைக்கப் போறது கரப்பானையும் மூட்டைப்பூச்சியையும் பற்றி. சிரிக்கிறீங்கள், பரவாயில்லை. போனமுறை இதே மண்டபத்தில் காசா பற்றிக் கதைத்தோம், அதுக்கு முதல் ஓய்வூதியச் சட்டம். அந்த வரிசையில் கரப்பான் எண்டால் ஆருக்கும் சிரிப்பு வரும்தான். ஆனால் பின்வரிசையில் இருக்கிற அம்மாமாரை ஒருக்கால் திரும்பிப் பாருங்கோ. மற்ற ரெண்டு கூட்டத்துக்கும் இவ்வளவு பேர் வரேல்லை.

நான் ரெண்டு பக்கத்திலும் நிற்கிற ஆள். குடியிருக்கிறது இங்க, ஆஷெலெம் வீட்டில. வேலை செய்யிறது வேற ஊரில, அங்கையும் ஆஷெலெம் கட்டடங்கள்தான்: படி கூட்டிக் கழுவி, குப்பைத்தொட்டி வெளியில எடுத்து வைக்கிற வேலை. இடையில ஒரு ஒப்பந்தக் கொம்பனி. அதால குடியிருக்கிற சனம் துப்புரவுக்காரரை ஏசுறதையும் கேட்டிருக்கிறன், துப்புரவுக்காரரும் கார்தியனும் தங்களுக்குள்ள குடியிருக்கிற சனத்தை ஏசுறதையும் கேட்டிருக்கிறன். ரெண்டு பக்கமும் ஒரே வசனம்தான்: "அவை ஊத்தை, அதுதான் பூச்சி." வீட்டு நிறுவனத்துக்கு இதைவிட வசதியான வசனம் கிடையாது.

இப்ப எல்லா இடமும் "பயிற்சி" எண்ட சொல் அடிபடுது. மெரியும் சொல்லுது, வீட்டு நிறுவனங்களும் சொல்லுது. குடியிருப்பாளருக்குப் பயிற்சி, ஊழியருக்குப் பயிற்சி. நல்ல விசயம். ஆனால் என்ன பயிற்சி, ஆர் ஆரோட இருந்து படிக்கிறது எண்டதில்தான் முழு அரசியலும் இருக்கு. நான் கண்ட பயிற்சி இப்படித்தான்: குடியிருக்கிற சனத்துக்கு ஒரு வண்ணத்தாள், அதில் துடைப்பம் பிடிச்ச ஒரு பெண்ணின் படம். கார்தியனுக்கு அரைநாள் வகுப்பு, மருந்து விக்கிற ஆள் வந்து நடத்திறது. துப்புரவுத் தொழிலாளிக்கு ஒண்டும் இல்லை, ஏனெண்டால் அவர் நிறுவனத்தின் ஆள் இல்லை, ஒப்பந்தக் கொம்பனியின் ஆள். மூண்டு பேரையும் ஒரு மேசையில இருத்தாமல் நடத்துற எதையும் நான் பயிற்சி எண்டு சொல்ல மாட்டன்.

ஊத்தைக் கதையை முதலில் முடிச்சுவிடுவம். 2023 செப்டம்பர், ஒக்டோபரில் பரிஸ் முழுக்க மூட்டைப்பூச்சிப் பீதி இருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மெற்றோ இருக்கை, சினிமாத் தியேட்டர், ரயில் எண்டு ஒவ்வொரு நாளும் ஒரு வீடியோ. ஒக்டோபர் 3ஆம் திகதி மத்தில்ட் பனோ ஒரு சின்னக் குப்பிக்குள்ள மூட்டைப்பூச்சியை வைத்து நாடாளுமன்றத்தில் தூக்கிக் காட்டி, பிரதமரைக் கேள்வி கேட்டார். அதே நாட்களில் சிநியூஸ் தொலைக்காட்சியில் பஸ்கால் ப்ரோ, குடியேறி வந்தவர்களின் சுகாதாரத்தோடு இதை முடிச்சுப் போட்டார். பிறகு 2024 மார்ச்சில் அமைச்சர் ஜோன்-நொயல் பரோ, ரஷ்யாவோடு தொடர்புள்ள சமூக ஊடகக் கணக்குகள் பீதியைப் பெருப்பித்தன எண்டார். இருக்கலாம். ஆனால் எங்கட கட்டிலுக்குக் கீழ கிடந்ததை ஒரு ரஷ்யக் கணக்கும் கொண்டு வந்து போடேல்லை.

பீதிக்கு முதலே, 2023 ஜூலையில், அன்செஸ் எனும் அரச சுகாதாரப் பாதுகாப்பு நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தது. 2017க்கும் 2022க்கும் இடையில் பிரான்சில் 11 வீதமான குடும்பங்களுக்கு மூட்டைப்பூச்சி வந்திருக்கிறது. வருமானத்துக்கும் பூச்சி வருவதற்கும் தொடர்பு இல்லை என்று அந்த அறிக்கை தெளிவாகச் சொல்கிறது. வருமானம் முடிவு செய்வது வேறொன்றை: வந்த பூச்சி போகிறதா, இருக்கிறதா என்பதை. ஒரு குடும்பத்துக்கு அதை ஒழிக்கச் சராசரியாக 866 யூரோ செலவு. பதினாறாம் வட்டாரத்தில் இருக்கிறவர் காசைக் கட்டிவிட்டு ஒரு கிழமை ஹோட்டலில் போய் நிற்பார். எங்கட ஆள் அந்தக் காசுக்கு லாச்சப்பலில் சீட்டுப் பிடிக்க வேணும்.

கரப்பானைப் பற்றியும் ஒரு விசயம். குசினியில் ஓடுற சின்ன, மண்ணிறக் கரப்பானுக்கு உலகம் முழுக்கப் பெயர் "ஜெர்மன் கரப்பான்". 1767இல் லினேயஸ் வைத்த பெயர். 2024இல் வெளிவந்த ஒரு மரபணு ஆய்வு, 17 நாடுகளில் பிடித்த கரப்பான்களைப் பார்த்து, இது ஏறக்குறைய 2,100 வருசத்துக்கு முதல் இந்தியா அல்லது மியன்மார் பக்கம் மனிதரோடு சேர்ந்து வாழத் தொடங்கிய இனம் எண்டு சொல்லுது. அங்கிருந்து மத்திய கிழக்கு, பிறகு வணிகக் கொம்பனிகளின் கப்பல், பிறகு ஐரோப்பா. ஆக, எங்கட கடற்பக்கத்து ஆள்தான். இங்க வந்து ஜெர்மன் பேப்பர் எடுத்துப் போட்டார். எங்கட ஆக்களுக்கு அது கிடைக்க எத்தனை வருசம் எடுக்குது!

சரி, வேலைக்கு வருவம். பூச்சி ஒரு வீட்டின் பிரச்சினை இல்லை, கட்டடத்தின் பிரச்சினை. குசினித் தண்ணிக் குழாய் போற சுவர்க்கூடு கீழ் மாடியில் இருந்து மேல் மாடி வரைக்கும் ஒண்டுதான். கரப்பானுக்கு அதுதான் நெடுஞ்சாலை. மூட்டைப்பூச்சிக்கு மின்வயர்க் குழாய், சுவர் வெடிப்பு, கதவுக்குக் கீழ இருக்கிற இடைவெளி. மூண்டாம் மாடியில் ஒராள் முறைப்பாடு செய்தால் மூண்டாம் மாடிக்கு மட்டும் ஒருத்தர் வந்து மருந்தடிச்சுப் போவார். பூச்சி நாலாம் மாடிக்குப் போகும். ரெண்டு மாதத்தில் நாலாம் மாடி முறைப்பாடு. ஒவ்வொரு வருகைக்கும் ஒரு பில். தலைகீழ், இடம், வலம் என்று அந்த வீட்டைச் சுற்றியுள்ள வீடுகளையும் பாராமல் ஒரு வீட்டுக்கு மட்டும் மருந்தடிப்பது, ஓட்டை வாளியில் ஒரு ஓட்டையை மட்டும் அடைக்கிற மாதிரி.

இன்னொன்று, கார்தியனும் குடியிருக்கிற சனமும் சேர்ந்து படிக்கவேணும் எண்டு நான் பிடிவாதமாக நிற்கிறதுக்குக் காரணம் இது. கரப்பானுக்கு இண்டைக்கு நல்லா வேலை செய்யிற மருந்து ஜெல். கடுகு, பயறு அளவில் சின்னப் பொட்டாக வைக்கிறது, கரப்பான் அதைத் தின்று கூட்டுக்குள்ள போய்ச் சாகும். அதின்ர எச்சத்தைத் தின்ற குஞ்சும் சாகும். ஆள் வந்து அலுமாரி மூலையில ஜெல் வைத்துவிட்டுப் போகிறார். என்ன வைத்தது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. பின்னேரம் அம்மா வந்து பார்க்கிறா, அழுக்குப் பொட்டு எண்டு துடைச்சு விடுறா. இல்லாட்டி கரப்பான் ஓடுறதைக் கண்டு சூப்பர்மார்க்கெற் ஸ்பிறேயை அதுக்கு மேல அடிக்கிறா. ஸ்பிறே மணத்துக்கு கரப்பான் அந்த ஜெல்லுக்குக் கிட்டவும் வராது. செலவு வீண். அறிக்கையில் மட்டும் "சிகிச்சை செய்யப்பட்டது" எண்டு இருக்கும். இதில அம்மாவின் பிழை என்ன, வந்த ஆளின் பிழை என்ன? அஞ்சு நிமிசம் நிண்டு கதைக்க அவருக்கு நேரம் குடுக்கேல்லை, ஒரு நாளைக்கு இத்தனை வீடு எண்டு கணக்கு.

புகைக்குண்டு வாங்கி வைக்கிற ஆக்கள் இங்கையும் இருப்பினம். 2019இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தார் மலிவு வாடகை வீடுகளில் பரிசோதித்த முடிவு வந்தது. புகைக்குண்டு வைத்த வீடுகளில் கரப்பான் குறையவில்லை. தரையிலும் குசினி மேசையிலும் நஞ்சு மட்டும் கூடியிருந்தது. ஜெல் வைத்த வீடுகளில் குறைந்தது. இதைவிட மோசம் "ஸ்னைப்பர்" என்று சந்தைகளில் களவாக விற்கிற போத்தல். உள்ளே டைக்ளோர்வொஸ், 2013இலிருந்து இந்தப் பாவனைக்கு ஐரோப்பாவில் தடை. 2018க்குப் பிறகு பிரான்சில் அதால் நஞ்சேறியவர்கள் 200க்கு மேல் என்று அன்செஸ் 2023இல் எச்சரித்தது. அந்தப் போத்தல் ஆற்றையும் வீட்டில் இருந்தால் திறக்க வேண்டாம். சிங்கில ஊத்தவும் வேண்டாம். கழிவு நிலையத்தில குடுங்கோ.

பிள்ளையளின் இழுப்பு நோயும் இதோட சேர்ந்தது. 1997இல் அமெரிக்க நகரங்களின் வறிய பகுதிகளில் 476 ஆஸ்துமாப் பிள்ளைகளைப் பார்த்த ஓர் ஆய்வு வந்தது. கரப்பானுக்கு ஒவ்வாமை உள்ள, படுக்கையறையிலும் கரப்பான் தூசு அதிகமாக உள்ள பிள்ளைகள், மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள்.

பயிற்சி எப்படி இருக்கவேணும்? இதுக்கு ஒரு நல்ல முன்னோடி எங்கட பக்கத்திலேயே இருக்கு. வன்னியில் வயல் செய்த ஐயாமாரைக் கேளுங்கோ, "ஒருங்கிணைந்த பீடை முகாமைத்துவம்" எண்ட நீட்டுச் சொல்லை விவசாயப் போதனாசிரியர் வாயால் கேட்டிருப்பினம். இந்தோனேசியாவில் கபிலத் தத்தி நெல்லை அழித்தபோது, மருந்தடிக்க அடிக்கத் தத்தி கூடியது, ஏனென்றால் அதைத் தின்கிற சிலந்தியும் வண்டும் முதலில் செத்தன. 1986இல் அரசு 57 மருந்து வகைகளை நெல்லுக்குத் தடை செய்தது. 1989இல் வயல் பாடசாலை தொடங்கியது. வகுப்பறை கிடையாது. கிழமைக்கு ஒருக்கால் விவசாயிகள் வயலில் இறங்கிப் பூச்சியை எண்ணி, படம் கீறி, அடிப்பதா விடுவதா என்று தாங்களே முடிவெடுப்பார்கள். பிறகு இலங்கைக்கும் அது வந்தது. மருந்து விக்கிறவனிடம் இருந்த முடிவை வயலில் நிக்கிறவனின் கைக்கு மாத்தினதுதான் அதில் பெரிய விசயம்.

அதையே மாடிவீட்டில் செய்யலாம். பொஸ்டன் நகரத்தில் செய்தார்கள். 2005 அளவில் அங்கே நகர வீடமைப்பு அதிகாரசபையும் பொதுச் சுகாதார ஆணையமும் குடியிருப்பாளர் அமைப்புகளும் சேர்ந்து, அந்தந்தத் தொடர்மாடியில் வாழ்கிறவர்களையே சம்பளத்துக்கு எடுத்துப் பயிற்றின. அவர்கள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, அந்த வீட்டுப் பாசையிலேயே கதைத்தார்கள். கட்டட ஊழியருக்கும் பயிற்சி. மருந்துக் கொம்பனியோடு இருந்த ஒப்பந்தத்தையும் மாற்றி எழுதினார்கள். இந்த மூன்றில் கடைசியைத்தான் எங்கட நிறுவனங்கள் எப்பவும் மறந்து போகும். குடியிருப்பாளர் எவ்வளவு படிச்சாலும், ஒப்பந்தத்தில் "முறைப்பாடு வந்தால் மருந்தடி" எண்டு மட்டும் இருந்தால் ஒரு மாற்றமும் வராது. "கட்டடம் முழுக்கப் பார், பொறி வைத்து எண்ணு, ஓட்டை அடை, திரும்பி வந்து பார்" எண்டு இருக்கவேணும்.

துப்புரவுத் தொழிலாளி ஏன் முக்கியம்? பிரான்சில் துப்புரவுத் துறைக் கூட்டு ஒப்பந்தத்தின் 7ஆவது விதிப்படி, ஒரு இடத்தின் ஒப்பந்தம் வேற கொம்பனிக்குப் போனாலும் அங்க வேலை செய்யிற ஆள் அநேகமாக அங்கையே இருப்பார். பலகை மாறும், ஆள் மாறாது. மருந்தடிக்கிற ஆள் ஒவ்வொரு முறையும் புதுசு. கார்தியன் ஒராளுக்கு மூண்டு நாலு கட்டடம். எந்த மாடியில் குப்பைத்துவாரம் உடைஞ்சு கிடக்கு, எந்தக் கதவடியில் கறுப்புப் புள்ளி, நிலவறையில் எங்க எலிப்புழுக்கை எண்டு தெரிஞ்ச ஆள் படி கழுவுறவர்தான். மருந்து அடிக்க அவருக்குச் சான்றிதழ் வேணும், அது சட்டம், சரியான சட்டமும்கூட. ஆனால் பார்க்கிறதுக்கும் எழுதிவைக்கிறதுக்கும் சான்றிதழ் தேவையில்லை. அதுக்கு நேரம்தான் தேவை, அந்த நேரத்துக்குச் சம்பளமும். "நீங்களும் கொஞ்சம் பாருங்கோ" எண்டு சும்மா தலையில கட்டினால் நான் முதல் ஆளாக மறுப்பன். 2017 கடைசியில் வடக்குப் புறநகர் ரயில் நிலையங்களைத் துப்புரவு செய்யிற ஒனெற் தொழிலாளர் 45 நாள் வேலைநிறுத்தம் செய்து வென்றவை. இந்தப் பயிற்சி நேரக் கோரிக்கையை அப்படியான ஆக்களோட இருந்து எழுதவேணும்.

இப்ப கஷ்டமான விசயம். திறக்காத கதவுகள்.

சில கதவுகள் வெட்கத்தால் திறக்கிறேல்லை. மூட்டைப்பூச்சி எண்டு தெரிஞ்சால் பிறந்தநாளுக்கு ஒருத்தரும் வராயினம், பிள்ளையை மற்றப் பிள்ளை வீட்டுக்குக் கூப்பிடாது, ஆரோ லாச்சப்பலில் போய்க் கதைப்பினம். அதால சனம் இரவில மெத்தையைக் கொண்டுபோய்த் தெருவில் போடுது, அதை வேறொரு புதுசா வந்த பெடியன் தூக்கிக் கொண்டு போறான். இன்னும் சிலருக்குத் தங்கட வீட்டில் இருக்கிறதே தெரியாது. நியூ ஜேர்சியில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தார் மலிவு வாடகைக் கட்டடங்களில் வீடு வீடாகப் பார்த்தபோது, மூட்டைப்பூச்சி இருந்த வீட்டுக்காரரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது தெரியவில்லை. எல்லா உடம்பும் கடிக்குத் தடிக்கிறேல்லை, வயசானவைக்கு அநேகமாகத் தடிக்காது.

ஆனால் எங்கட சனத்தின் கதவு திறக்காததுக்குப் பெரிய காரணம் வெட்கம் இல்லை, பயம். ஒரு வீட்டில் வாடகைப் பத்திரத்தில் நாலு பேர், உள்ளுக்கு ஏழு பேர். வரவேற்பறையில் ரெண்டு பெட், மாசம் இவ்வளவு எண்டு. அதில ஒருத்தருக்கு விசா இல்லை, ஒருத்தருக்கு அகதி வழக்கு நடக்குது. மருந்தடிக்கிறவர் வாறார் எண்டால் அவை ரெண்டு பேரும் பையைத் தூக்கிக் கொண்டு ரயில் ஏறி வேற நண்பனின் அறைக்குப் போவினம். பைக்குள்ள மூட்டைப்பூச்சியும் போகும். மருந்து காய்ஞ்ச பிறகு பையும் திரும்பி வரும். இதுக்கு எந்தப் பூச்சி நிபுணரும் மருந்து கண்டுபிடிக்க ஏலாது. பூச்சி பார்க்க வாறவர் தலை எண்ணக் கூடாது, ஆர் படுக்கிறது எண்டு எழுதக் கூடாது, பூச்சி அறிக்கை வாடகைக் கோப்புக்குள்ள போகக் கூடாது. இதைக் குடியிருப்பாளர் சங்கம் வீட்டு நிறுவனத்தோடு பேசி எழுத்தில் வாங்கவேணும். வாங்காமல் கதவைத் தட்டப் போனால் நாங்களும் அந்தச் சனத்துக்கு இன்னொரு கோட்டுக்காரர்தான்.

ஆயத்தத் தாள் எண்டு ஒண்டு வரும். பிரெஞ்சில் ரெண்டு பக்கம். எல்லா உடுப்பையும் 60 பாகையில் தோய்த்துப் பையில் கட்டு, தோய்க்க ஏலாததை மூண்டு நாள் உறைகுளிரில் வை, அலுமாரியைக் காலியாக்கு, கட்டிலைச் சுவரில் இருந்து தள்ளு. பத்து வயசுப் பிள்ளை வாசிச்சு அம்மாவுக்குச் சொல்லும். எங்கட வாசலில் நாலாம் மாடியில் ஒரு அம்மா, எழுபது தாண்டினவ, தனிய இருக்கிறா, முழங்கால் ஏலாது. ஆள் வந்தார், அலுமாரி காலியில்லை எண்டு கண்டார், தாளில் "ஆயத்தமில்லை" எண்டு புள்ளடி போட்டுட்டுப் போயிட்டார். ரெண்டாம் முறையும் அப்படி. பிறகு கடிதம் வந்தது: குடியிருப்பாளர் ஒத்துழைக்கவில்லை. அந்த அம்மா கடிதத்தைச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்திருந்தவ. மூண்டாம் முறைக்கு முதல் சனிக்கிழமை, இங்க இருக்கிற பிள்ளையள் நாலு பேர் போய்ப் பை கட்டி, கட்டில் கழட்டி, லோன்றிக்குக் காவிக் கொண்டுபோய்த் தோய்ச்சுக் குடுத்தவை. அந்த முறைதான் மருந்தடி நடந்தது. முட்டைக்கு மருந்து ஏறாது, ஒரு கிழமை, பத்து நாளில் பொரிச்சுவிடும், அதால ரெண்டு கிழமை கழிச்சு இன்னொரு முறையும் வேணும். அதுக்கும் இவைதான் போனவை. தொண்டுவேலையாக இது எத்தனை நாளைக்கு ஓடும்? ஆயத்த உதவி ஒப்பந்தத்தில் எழுதப்படவேணும், காசு நிறுவனம் குடுக்கவேணும்.

சட்டம் எங்கட பக்கம்தான் இருக்கு. 2018 நவம்பரில் வந்த எலான் சட்டம், 1989 வாடகைச் சட்டத்தை மாற்றி, குடுக்கிற வீடு பூச்சி, ஒட்டுண்ணித் தொல்லை இல்லாததாக இருக்கவேணும் எண்டு எழுதியிருக்கு. முறைப்பாட்டைத் தொலைபேசியில் சொல்லி விடாதேங்கோ, பதிவுத் தபாலில் அனுப்புங்கோ, படம், திகதியோட. ஷார்ஜ் பில்லையும் பாருங்கோ: எதைக் குடியிருப்பாளரிடம் அறவிடலாம் எண்டு 1982 ஆணையில் பட்டியல் இருக்கு, அதில் வாறது பூச்சி மருந்துப் பொருளின் விலை. ஆளின் கூலியையும் சேர்த்துப் போட்டிருந்தால் கேள்வி கேளுங்கோ. அடில் எண்ட நிலையத்தில் சட்ட ஆலோசனை இலவசம். ஒண்டு மட்டும் செய்யாதேங்கோ: கோவத்தில் வாடகையை நிற்பாட்டாதேங்கோ. வழக்கு அப்ப பூச்சியில் இருந்து வாடகைக்கு மாறிவிடும், சனம் தோற்கும்.

இன்னொரு கதவும் இருக்கு. ஆஷெலெம் குடியிருப்பாளர் பிரதிநிதித் தேர்தல் நாலு வருசத்துக்கு ஒருக்கால். போனது 2022 கடைசியில், அடுத்தது 2026 கடைசியில். தெரிவாகிறவர் வீட்டு நிறுவனத்தின் நிர்வாக சபையில் வாக்கோட இருப்பார், மருந்துக் கொம்பனி ஒப்பந்தம் போற மேசை அது. இந்தத் தேர்தலில் வாக்குப் போடப் பிரெஞ்சுக் குடியுரிமை தேவையில்லை. பத்து வருச காட்டோட இருக்கிற அம்மா, மாநகரசபைக்கு வாக்குப் போட ஏலாதவ, இதுக்குப் போடலாம். எங்கட சனத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்? வாக்குத் தாள் தபாலில் வரும், விளம்பரம் எண்டு குப்பையில் போடுவினம்.

இப்ப நடக்கிற வேலை: B வாசலில் விருப்பமான வீடுகளில் குசினியிலும் குளியலறையிலும் ஒட்டுப்பொறி வைத்திருக்கிறம், நாலு நாலு. சனிக்கிழமை பத்து மணிக்கு எடுத்து எண்ணவேணும். கார்தியன் வாறன் எண்டு சொல்லியிருக்கிறார், படி கழுவுற அக்கா தன்ர வேலை முடிஞ்சு வருவா, அவவின்ர அந்த ஒரு மணித்தியாலத்துக்குச் சங்கப் பெட்டியில் இருந்து குடுக்கிறம், பிறகு கணக்கை நிறுவனத்துக்கு அனுப்புவம். வீட்டு இலக்கம் எழுதுறேல்லை, மாடி மட்டும். தமிழுக்கு ஆள் இருக்கு. துருக்கிப் பாசைக்கும் சொனின்கேக்கும் ஆள் வேணும், உங்கட வகுப்புத் தோழர் ஆரும் இருந்தால் கூட்டி வாங்கோ. கையுறையும் டோர்ச்சும் நான் கொண்டு வாறன்.